பேர்லினில் தனியாக, வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் சுற்றுக்குப் போகலாமா?

வட்டக்கச்சிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி, வட்டக்கச்சி. அக்கா குடும்பம் ஜேர்மனியில், ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறது. விசா கிடைத்துவிட்டது. கோயில் தேருக்கு நிற்கிற மாதிரிப் போகிறேன்.

அக்காவும் அத்தானும் விடியப் போனால் பின்னேரம்தான் வேலையால் வருவார்கள். அந்த நேரமெல்லாம் வீட்டுக்குள் இருக்க எனக்கு விருப்பமில்லை. கிழமை நாளில் தனியாகப் பேர்லினுக்குப் போய், ஓர் இரவு தங்கித் திரும்பலாம் என்று யோசிக்கிறேன். ஹம்மில் ஏறினால் மூன்று மணித்தியாலம் அளவில் ரயில் கொண்டுபோய் விடுமாம். அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். அத்தான் சனிக்கிழமை காரில் தானே கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொல்கிறார். ஆனால் அத்தானோடு போனால் வாசலில் நின்று நாலு படம், பிறகு கடை, பிறகு சாப்பாடு, அவ்வளவுதான் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் உலக யுத்தமும் பேர்லின் சுவரும் படித்த காலத்திலிருந்து அந்த நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதுவும் வீதி வீதியாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன நடந்தது என்று ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். இணையத்தில் பார்த்தால் "இலவச நடைச்சுற்று" என்று நிறைய இருக்கிறது. உண்மையிலேயே இலவசமா? ஆங்கிலத்தில் சொல்வதை என்னால் விளங்கிக்கொள்ள முடியுமா? எல்லோரும் சோடி சோடியாக வரும் இடத்தில் தனியாக ஒரு பெண் நின்றால் எப்படி இருக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் விபரமாக எழுதினால் நல்லது.

மாங்குளம் சாரதி எழுதியது:

தங்கச்சி, நான் ஏ9 வீதியில் கனகாலம் பஸ் ஓட்டினவன். இப்போது பரிஸில். மச்சான் வீட்டுக்கென்று பேர்லின் போனபோது எனக்கும் தனியாக ஒரு பகல் கிடைத்தது. என் அனுபவத்தில் வழிகாட்டி தேவையில்லை. "சோ" என்று அவர்கள் சொல்லும் மிருகக்காட்சிச்சாலை நிலையத்தில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறு. இரண்டு தட்டு பஸ். மேல் தட்டில் முன் சீற் கிடைத்தால் விடாதே. பாராளுமன்றக் கட்டடம், பிரான்டன்பேர்க் வாசல் பக்கம், உன்டர் டென் லின்டன் என்ற பெரிய வீதி, பழைய அரண்மனைப் பக்கம் எல்லாம் தாண்டி அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகும். சாதாரண நகர பஸ் ரிக்கற்றுத்தான். பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறலாம்.

நடைச்சுற்றில் போனால் இருபது, முப்பது பேரோடு ஆட்டுப்பட்டி மாதிரி இழுபட வேண்டும். வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருக்கும், ஓட்டமாக ஓட்டுவான். எனக்கு அது சரிவராது. ரிக்கற்றை எடுத்ததும் அங்கே உள்ள சிறிய பெட்டியில் அடித்து நேரம் பதிய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. பதியாத ரிக்கற், ரிக்கற் இல்லாததற்குச் சமம், தண்டம் அறவிடுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லு: பகலில் ஒரு பயமும் இல்லை. கைப்பையை முன்னுக்குப் போட்டுக்கொள், சன நெரிசலில் கவனம். அவ்வளவுதான்.

முல்லைத்தீவு ரீச்சர் எழுதியது:

பிள்ளை, போ. தனியாகவே போ, வழிகாட்டியோடும் போ. இரண்டும் ஒன்றாகச் சேருவதில்தான் விசேடம்.

நான் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகள் பிறேமனில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்த காலத்தில் தனியாக ரயில் ஏறிப் பேர்லின் போனேன். மாங்குளத்துத் தம்பி சொன்ன 100ஆம் இலக்க பஸ்ஸிலும் ஏறினேன், அது நல்ல பஸ்தான். ஆனால் பஸ்ஸில் இருந்தால் கட்டடங்களைத்தான் பார்க்கலாம். அந்த நகரத்தில் பார்க்க வேண்டியவற்றில் பாதி நிலத்தில், காலடியில் கிடக்கிறது. யாராவது நிறுத்திக் காட்டினால்தான் கண்ணில் படும்.

முதலில் காசு விபரம். "இலவசம்" என்றால் முற்பணம் இல்லை என்பதுதான். இணையத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் போக வேண்டும். முடிவில் அவரவர் மனதுக்கு ஏற்ற மாதிரிக் கொடுப்பார்கள். என்னோடு வந்தவர்கள் பத்து, பதினைந்து யூரோ கொடுத்தார்கள், நானும் பத்து கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளின் வருமானமே அதுதான், ஆகையால் கொடுக்காமல் நழுவுவது அழகில்லை. பிரான்டன்பேர்க் வாசலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் நிறம் நிறமாகக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உன்னுடைய குழுவுக்கு என்ன நிறம் என்று பதியும்போதே சொல்வார்கள். இரண்டரை மணித்தியாலம் நடை. கால் கடிக்காத பழகிய சப்பாத்து போடு. சீலை வேண்டாம். வழியில் ரொய்லெற்றுக்குச் சில்லறை வேண்டும், ஐம்பது சதமும் ஒரு யூரோவும் கையில் வைத்திரு.

எங்களுக்கு வாய்த்தவன் ஓர் அயர்லாந்துப் பையன். வரலாறு படித்தவன். நான் படிப்பித்தவள் ஆனபடியால் அவன் எப்படிப் படிப்பிக்கிறான் என்றுதான் முதலில் பார்த்தேன். எங்கே நிறுத்தினாலும் வெய்யில் தன் முகத்தில் அடிக்கும் பக்கமாகத் தான் நின்றான், எங்களை வெய்யிலுக்கு முதுகு காட்டி நிற்கவிட்டான். வாகனச் சத்தம் உள்ள இடத்தில் வாயே திறக்கவில்லை, ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கதைத்தான். சட்டைப் பையிலிருந்து சோக்கை எடுத்து, குந்தியிருந்து, நடைபாதைக் கல்லில் பேர்லினை வட்டமாகக் கீறி, நாலாகப் பிரித்தான்: அமெரிக்கன், பிரிட்டிஷ்காரன், பிரெஞ்சுக்காரன், ரஷ்யன். பிறகு 1961 ஓகஸ்ட் 13 விடியப்புறம் எந்தக் கோட்டில் முள்ளுக்கம்பி விழுந்தது என்று தடித்துக் கீறினான். புத்தகத்தை வைத்து நான் வருடம் வருடமாகச் சொல்லிக் கொடுத்ததை அவன் அந்தச் சோக்குத் துண்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தான். ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நட, பின்வரிசையில் போகாதே. விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேள். நான் கேட்டேன், அவன் மெதுவாகத் திரும்பச் சொன்னான். கூட நின்ற ஸ்பெயின்காரருக்கும் அப்போதுதான் விளங்கியது என்று முகத்தில் தெரிந்தது.

இதற்குப் போக முன் எனக்கு மனதுக்குள் ஒரு முட்டு இருந்தது. அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் வன்னியில் இருந்து போகும் உனக்கும் அது வரலாம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊரைச் சுற்றிப்பார்க்க பஸ் பஸ்ஸாக வந்த சனத்தை நீயும் பார்த்திருப்பாய். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, முல்லைத்தீவுக் கடற்கரையில் தரைதட்டிக் கிடந்த பரா-3 கப்பல், புதுக்குடியிருப்பில் நிலத்துக்கடியில் இருந்த பங்கர். இறங்கி நிற்பார்கள், யாரோ ஒருவர் விளக்கம் சொல்வார், படம் எடுப்பார்கள், ஏறிப் போவார்கள். நாங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் தண்ணீர்க் கானோடு நின்று பார்த்துக்கொண்டிருப்போம். அவர்களில் ஒருவர்கூட எங்களிடம் வந்து "உங்களுக்கு இங்கே என்ன நடந்தது" என்று கேட்டதில்லை. ஆகவே குடைக்குப் பின்னால் சனத்தோடு சனமாகப் போய், ஆட்கள் செத்த இடத்தில் நிற்பது சரியா என்று எனக்குக் கேள்வி இருந்தது.

அந்தப் பையன் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடத்துக்குக் கூட்டிப் போனபோது அதற்குப் பதில் கிடைத்தது. பிரான்டன்பேர்க் வாசலில் இருந்து கொஞ்சத் தூரம்தான். 2711 கொன்கிரீட் கட்டைகள், ஒன்றின் உயரம் மற்றதற்கு இல்லை. 2005இல் திறந்தார்கள். அவன் வெளியிலேயே நின்று இரண்டு வசனம் மட்டும் சொன்னான். "உள்ளே தனித்தனியாகப் போங்கள், கதைக்காமல் போங்கள், பத்து நிமிடத்தில் மறுபக்கம் வாருங்கள்" என்று விட்டுவிட்டான். தொடக்கத்தில் கட்டைகள் முழங்கால் அளவு. நடக்க நடக்க நிலம் பள்ளமாகிறது, கட்டைகள் தலைக்கு மேலே போகின்றன. வீதிச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. நிலம் தட்டையாக இல்லை, கால் தடுமாறுகிறது. குறுக்கே எப்போதாவது ஓர் ஆள் தெரிந்து மறைகிறார். சோடியாக வந்தவர்கள்கூட உள்ளே பிரிந்துதான் நடந்தார்கள், பாதை ஓர் ஆளுக்குத்தான் காணும். யுத்தத்தின் கடைசி நாட்களில் எங்கள் சனம் தாண்டி வந்த வட்டுவாகல் பாலத்தை நினைத்தேன். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லாமல் நின்று அழுதேன். மகள் பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்காக அடக்கியிருப்பேன். தனியாகப் போ என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

நிலத்துக்கடியில் ஒரு தகவல் நிலையம் இருக்கிறது. காசு இல்லை. நடை முடிந்தபின் திரும்பி வந்து அதைப் பார். ஓர் அறையில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் சிறு குறிப்பும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகிறது. எல்லாப் பெயரையும் அப்படி வாசித்து முடிக்க ஆறு வருடத்துக்கும் மேல் செல்லுமாம். இதில் என்னைத் தூக்கிப் போட்டது என்ன தெரியுமா? அந்த நினைவிடத்தைக் கட்டியது, கொன்ற நாடு. அதுவும் தலைநகரத்தின் நடுவில், பாராளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில், விலை மதிக்க முடியாத காணியில். நாங்கள் மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதற்கே தடை வந்த வருடங்கள் இருக்கின்றன. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். ஜேர்மனியிலும் இது தானாக நடக்கவில்லை, யுத்தம் முடிந்து அறுபது வருடம் எடுத்தது, இடையில் எத்தனையோ வருடம் வாக்குவாதப்பட்டார்கள் என்று சொன்னான். அந்த அறுபது என்ற எண்ணை நான் ஆறுதலாகவும் எடுத்துக்கொண்டேன், பாரமாகவும் எடுத்துக்கொண்டேன்.

ஹிட்லர் கடைசியாக ஒளிந்திருந்த பங்கர் இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு கார் தரிப்பிடம். 2006இல் வைத்த ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் உண்டு. அவனைக் கும்பிட வருகிறவர்களுக்கு ஓர் இடமாகிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் இருந்த பழைய சோதனைச் சாவடியான செக்பொயின்ற் சார்லியில் அதிகம் மினக்கெடாதே, அது இப்போது படம் எடுக்கிற இடம்.

பேபெல் சதுக்கத்துக்கு வந்தோம். சுற்றிவரப் பல்கலைக்கழகம், ஒப்பரா மண்டபம், ஒரு தேவாலயம். நடுவில் நிலத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அறை, நாலு சுவரிலும் வெறும் இறாக்கைகள், ஒரு புத்தகம்கூட இல்லை. 1933 மே 10 இரவு அந்தச் சதுக்கத்தில் மாணவர்களும் நாசிகளும் சேர்ந்து இருபதாயிரம் அளவு புத்தகத்தை எரித்தார்கள். அந்த இருபதாயிரத்தையும் அடுக்கக்கூடிய இறாக்கையை 1995இல் ஓர் இஸ்ரேலியச் சிற்பி நிலத்துக்குள் வெறுமையாகக் கட்டி வைத்தார். பையன் சொல்லி முடித்ததும் என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை. எங்கள் நாட்டிலும் ஒரு நூலகம் எரிந்தது என்றேன். அவன் உடனே விலகி நின்று, "நீங்களே எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்று தன் இடத்தை எனக்குத் தந்தான். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணம், தொண்ணூற்றேழாயிரம் அளவு நூல்கள், அதற்குள் வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு டச்சுப் பெண் அந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டித் தரச் சொல்லித் தன் போனில் எழுதினாள். பையன், இனி இந்த இடத்தில் நிற்கும்போது இதையும் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டான். சொல்லு என்றேன்.

சுற்று முடிந்தபின் வீதியின் மறுபக்கம் போனேன். நொயே வாக்கே என்ற சிறிய மண்டபம். உள்ளே ஒன்றுமில்லை, நடுவில் ஒரு தாய், மடியில் செத்த மகன். கேத்தே கொல்விட்ஸ் என்ற பெண் செய்த சிற்பத்தின் பெரிய பிரதி. அவர் தன் மகனை 1914இல் முதலாம் உலக யுத்தத்தில் பறிகொடுத்தவர், பையனுக்குப் பதினெட்டு வயது. கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. மழையும் பனியும் நேரே அந்தத் தாய்மேல் விழும்படிதான் விட்டிருக்கிறார்கள். நான் போனபோதும் மழை தூறியது, தாயின் முக்காட்டிலிருந்து தண்ணீர் வழிந்து கல் நிலத்தில் பரவியது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கொட்டகை போட்டு இருந்த தாய்மார் என் கண்ணுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு மடியில் வைத்து அழ உடல்கூட இல்லை. பக்கத்தில் நின்ற காவலாளி நான் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் சொல்லவில்லை. குழுவோடு நின்றிருந்தால் குடை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். ஆகவே, வழிகாட்டி காட்டுகிற இடத்தையெல்லாம் மனதில் குறித்து வை, முடிந்தபின் உனக்கு வேண்டிய இடத்துக்கு நீயே திரும்பிப் போ.

தனியாக நிற்பது ஒரு மாதிரி இருக்குமா என்று கேட்டாய். முதல் பத்து நிமிடம் இருக்கும். பிறகு நடக்கும்போது பக்கத்தில் வருகிறவர்கள் தாங்களாகவே கதைப்பார்கள். தனியாக வந்தவர் நான் மட்டுமில்லை, கன பேர் இருந்தார்கள்.

வட்டக்கச்சிப் பிள்ளை எழுதியது:

ரீச்சர், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நூலகத்து இடத்தில் நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னார். "அப்ப போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். சாரதி அண்ணைக்கும் நன்றி, இரண்டாம் நாள் 100ஆம் பஸ்ஸில் ஏறுவேன்.

இரண்டு கேள்வி. சுவர் எங்கே பார்க்கலாம்? அது அந்தச் சுற்றிலேயே வருமா? மற்றது, பேர்லினுக்குக் கிட்ட உள்ள வதைமுகாம் ஒன்றுக்கும் நடைச்சுற்று இருக்கிறதாம், ஒரே நாளில் இரண்டையும் செய்யலாமா?

முள்ளியவளை ஐயா எழுதியது:

பிள்ளை, நான் முள்ளியவளை. எண்பதுகளின் நடுவில் இருந்து பேர்லினில்தான் இருக்கிறேன். ரீச்சர் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அது எங்கள் கதை. எந்தக் குடைக்காரனும் அதைச் சொல்ல நான் கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

நாங்கள் கொழும்பிலிருந்து மொஸ்கோ வந்து, அங்கிருந்து கிழக்குப் பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினோம். கிழக்கு ஜேர்மனி எங்களை இடைவழிப் பயணிகள் என்று விட்டது. பிரீட்ரிக் வீதி ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்த சோதனைச் சாவடியைத் தாண்டி நகர ரயிலில் ஏறினால் அடுத்த தரிப்பு மேற்குப் பேர்லின். அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. பேர்லின் ஒரே நகரம், நடுவில் இருப்பதை நாட்டு எல்லையாக ஏற்கமாட்டோம் என்பது மேற்குத் தரப்பின் நிலைப்பாடு. சோதனை வைத்தால் எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த இடைவெளிக்குள்ளால் 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெடியன்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஈரானியர், பலஸ்தீனர், கானாக்காரரும் வந்தார்கள். மேற்கு ஜேர்மனி நெருக்கி, 1986க்குள் அந்த வழி அடைபட்டுப் போனது.

சுவரைத் தாண்டப்போய்ச் சுடுபட்டுச் செத்தவர்களைப் பற்றி வழிகாட்டி சொல்வான், அது உண்மை, சொல்ல வேண்டியது. அதே காலத்தில் அதே சுவருக்கு ஊடாக நான் ஒரு சின்னச் சூட்கேசோடும் ஒரு சுவெட்டரோடும் ரயிலில் இருந்தபடி வந்தேன். மேலே எரிந்த விளக்கு வெளிச்சத்தில் மணல் வெளியும் கம்பியும் தெரிந்தது. என்ன இடம் என்றே அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒட்டுசுட்டான் பெடியன் "இது ஏதோ ஆமிக் காம்ப்" என்று மெல்லச் சொன்னான், இருவரும் குனிந்து கொண்டோம்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு மண்டபம் நிற்கிறது. மேற்கே போகிறவர்களை வழியனுப்பி அழுத இடம் என்பதால் கண்ணீர் மாளிகை என்று பெயர். 2011 முதல் அரும்பொருட்காட்சிச்சாலை, நுழைவு இலவசம். பழைய கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு அப்படியே இருக்கிறது. ஒடுங்கிய கதவு, கடவுச்சீட்டுப் பார்க்கும் ஆளின் பார்வைக்குக் கீழே நாங்கள் நின்ற இடம். அதற்குள் ஒருதரம் நின்று பார், உன் மாமன் சித்தப்பன் யாராவது அந்த வழியால் வந்தவர்களாக இருப்பார்கள். ஹம்மில், டோர்ட்முண்டில் உள்ள பழைய ஆட்களைக் கேள், பாதிப்பேர் சொல்வார்கள்.

மத்தியானம் பசித்தால் பிறிற்ஸ் பக்கம் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் சனத்தைக் காணலாம்.

மாங்குளம் சாரதி எழுதியது:

ஐயா, என்னுடைய பெரியண்ணாவும் அந்த வழிதான். அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் அந்தப் பயணத்தைப் பற்றி வாய் திறந்து சொன்னதில்லை. மச்சான் வீட்டுக்குப் போனபோது அந்த நிலையத்தால் நானும்தான் ரயில் மாறினேன், யாரும் சொல்லித் தந்திருந்தால் நின்றிருப்பேன். ரீச்சர் சொன்னது சரி, சொல்லித் தர ஆள் வேண்டும். அடுத்தமுறை நடக்கத்தான் போகிறேன்.

முல்லைத்தீவு ரீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை நான் படியெடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் இது வர வேண்டும். அந்த ஒட்டுசுட்டான் பெடியனுக்கு என்ன நடந்தது என்றும் நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

பிள்ளை, உன் கேள்விக்கு வருகிறேன். நடைச்சுற்றில் சுவரின் ஒரு துண்டைக் காட்டுவார்கள், சுவர் போன தடத்தை வீதியில் இரட்டை வரிசைக் கல்லாகப் பதித்திருப்பதையும் காட்டுவார்கள். வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் காலை பேர்னாவர் வீதிக்குப் போ. அங்கே வழிகாட்டி தேவையில்லை, வெளியில் உள்ள பலகைகளே ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வரும். சுவரில் இறந்தவர்களின் படங்களை ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பேர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் செத்தார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் உண்டு. சில பெட்டிகளில் படம் இல்லை, வெறுமையாக இருக்கும்.

அந்த வீதியில் ஒரு தேவாலயம் சுவருக்கு நடுவில் அகப்பட்டு, 1985இல் கிழக்கு ஜேர்மனி அதை வெடி வைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் இப்போது மண்ணை இடித்து இறுக்கிக் கட்டிய ஒரு சிறிய நீள்வட்டக் கோயில். பழைய தேவாலயத்தின் கல்லும் ஓடும் அந்த மண்சுவருக்குள் தெரியும், கையால் தடவிப் பார்த்தேன், எங்கள் பழைய மண்வீட்டுச் சுவரின் சொரசொரப்பு. கோயிலைச் சுற்றி, முன்பு ஆட்களைச் சுட்டுக் கொன்ற வெறுநிலத்தில், றை என்ற தானியத்தை விதைத்திருக்கிறார்கள். நகரத்துக்கு நடுவே, ட்ராம் ஓடும் வீதிக்குப் பக்கத்தில் கதிர் தள்ளி நிற்கிறது. மிதிவெடி எடுத்து முடித்த காணியில் முதல்போகம் விதைத்துவிட்டு வரம்பில் நின்ற எங்கள் தம்பியின் முகம் எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. அவன் அன்று முழுக்க வயலை விட்டு வரவில்லை. கமக்கார வீட்டுப் பிள்ளை நீ, இதைப் பார்க்காமல் வராதே.

வதைமுகாம் என்று நீ சொல்வது சாக்சென்ஹவுசனாக இருக்க வேண்டும், நகரத்துக்கு வடக்கே ஒரானியன்பேர்க்கில். நுழைவு இலவசம்தான், அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டிகள்தான் குழுக்களைக் கூட்டிப்போகலாம். ஆனால் நகரச் சுற்றுள்ள நாளில் அதைச் சேர்க்காதே. உடம்பு தாங்கும், மனம் தாங்காது. எங்களைப் போல முகாமுக்குள் இருந்து வந்தவர்கள் கம்பி வேலியைக் கண்டால் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போவதென்றால் அக்காவோடு இன்னொரு நாள் போ. எனக்கு மகள் கூட வர வேண்டியிருந்தது.

இன்னொன்று, திங்கட்கிழமை போகாதே. நினைவிடத்துக்குக் கீழே உள்ள தகவல் நிலையம், ஐயா சொன்ன கண்ணீர் மாளிகை, பேர்னாவர் வீதிப் பார்வையாளர் நிலையம் எல்லாம் அன்று பூட்டு. பாராளுமன்றக் கண்ணாடிக் கூரையில் ஏற விருப்பமென்றால் பெயரும் பிறந்த திகதியும் கொடுத்து இணையத்தில் முன்பே பதிய வேண்டும், காசு இல்லை, கடவுச்சீட்டைக் கொண்டுபோ. செவ்வாய் காலை ஹம்மில் ஏறினால் மத்தியானச் சுற்றுக்குச் சரியாக வந்து சேர்வாய். குடை ஒன்றும் எடுத்துப் போ, மே மாதத்திலும் மழை வரும்.